நீளம் இல்லாத பரப்பளவு: கிராஸ்மன் பெருக்கலும் கிளிஃபோர்ட் பெருக்கலும்

தக்காளி கிலோ 60 ரூபாய் என்றால் ஒரு தெருவில் யாருமே வாங்குவதில்லை, 20 ரூபாய்க்கு இறங்கினால் 40 கிலோ விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். (நிஜத்தில் 60 ரூபாய்க்கும் வாங்கத்தான் செய்வார்கள், சாம்பார் நிற்குமா என்ன... கணக்குக்காக!) முதல் வருடப் பொருளாதாரப் பாடத்தில் வருகிற அதே படம்தான். படுக்கை அச்சில் அளவு, செங்குத்து அச்சில் விலை, நடுவில் சரிந்து இறங்கும் தேவைக் கோடு. விலை 20 என்றால், 20க்கு மேலே கோட்டுக்குக் கீழே இருக்கும் முக்கோணம் நுகர்வோர் உபரி. அரை × 40 × 40, அதாவது 800 ரூபாய்.

இதே படத்தைப் பக்கத்து பெஞ்சு மாணவன் கிராமில் போடுகிறான். படுக்கை அச்சில் 40,000 கிராம். விலை கிராமுக்கு 6 பைசாவிலிருந்து 2 பைசாவுக்கு இறங்குகிறது. அரை × 40,000 × 0.04. மறுபடியும் 800 ரூபாய்.

இப்போது அந்தச் சரிந்த கோட்டின் நீளத்தைக் கேட்டால்? முதல் படத்தில் ஏறக்குறைய 56.6. இரண்டாவது படத்தில் ஏறக்குறைய 40,000. கோணத்தைக் கேட்டால் முதல் படத்தில் 45 டிகிரி, இரண்டாவதில் கோடு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. யார் சொல்வது சரி? இரண்டு பேருமே தப்பு. கிலோவின் வர்க்கத்தையும் ரூபாயின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுப்பது என்ற காரியமே அர்த்தமில்லாதது. சரிவு அலகுக்கு அலகு மாறும் என்பதால்தான், நெகிழ்ச்சி என்று அலகே இல்லாத ஒரு எண்ணைப் பாடத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஆக, இந்தத் தாளில் பரப்பளவு இருக்கிறது. நீளம் இல்லை, கோணம் இல்லை. பரப்பளவு என்றால் நீளம் × அகலம் என்று ஆறாம் வகுப்பிலிருந்து மனதில் பதிந்தவர்களுக்கு இது கொஞ்சம் விபரீதமாகத்தான் தெரியும்.

எக்ஸ்டீரியர் அல்ஜீப்ரா, ஜியோமெட்ரிக் அல்ஜீப்ரா என்று இரண்டு இயற்கணிதங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் உள்ள உறவு என்ன, எது பெரியது என்று கணிதக்காரர்களும் இயற்பியல்காரர்களும் ரொம்ப நாளாகச் சண்டை போடுகிறார்கள். ஒரு கட்சி, ஜியோமெட்ரிக் அல்ஜீப்ராவே எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது, மற்றதெல்லாம் அதற்குள் ஒரு மூலை என்கிறது. எதிர்க்கட்சி, அது பழைய கள்ளுக்கு ஒட்டிய புது லேபிள் என்கிறது. தக்காளி முக்கோணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இரண்டு கட்சியுமே ஒரு விஷயத்தை விட்டுவிட்டது தெரியும்.

கதை ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடமிருந்து தொடங்குகிறது. ஹெர்மன் கிராஸ்மன், ஸ்டெட்டின் நகரம் (அப்போது பிரஷ்யா, இன்று போலந்தில் ஷ்செச்சின்). 1840ல் ஆசிரியர் தகுதித் தேர்வுக்காகக் கடல் ஓதம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் கண்டுபிடித்துப் பயன்படுத்திய கணக்கு முறை, 1844ல் பெரிய புத்தகமாக வந்தது. யாரும் படிக்கவில்லை. மோபியஸிடம் விமர்சனம் எழுதச் சொல்லிக் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். பல்கலைக்கழக வேலை கேட்டு 1847ல் அரசுக்கு விண்ணப்பித்தபோது, அதைப் பரிசீலித்த கும்மர், சரக்கு நன்றாக இருக்கிறது, சொன்ன விதம் சரியில்லை என்ற ரீதியில் அறிக்கை கொடுத்தார். வேலை கிடைக்கவில்லை, கடைசி வரை பள்ளிக்கூடம்தான். 1864ல் விற்காமல் கிடந்த சுமார் 600 பிரதிகளைப் பதிப்பாளர் பழைய பேப்பராகப் போட்டுவிட்டார். 1862ல் முழுக்கத் திருத்தி எழுதித் தன் சொந்தச் செலவில் அச்சடித்ததும் போணியாகவில்லை. மனிதர் கணிதத்தை ஓரமாக வைத்துவிட்டு சமஸ்கிருதம் பக்கம் போய் ரிக் வேதத்துக்கு ஒரு அகராதி தயாரித்தார். அது உடனே பேர் வாங்கித் தந்தது! 1876ல் டியூபிங்கன் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

பழைய பேப்பருக்குப் போன அந்தப் புத்தகத்தில் என்ன இருந்தது? க, ச என்று இரண்டு வெக்டர்கள். அவற்றை வெட்ஜ் என்ற குறியால் பெருக்கினால் க∧ச. இது எண்ணும் இல்லை, இன்னொரு வெக்டரும் இல்லை. இரண்டும் சேர்ந்து விரிக்கும் இணைகரம், திசைக் குறியோடு. விதி ஒன்றே ஒன்றுதான்: வரிசையை மாற்றினால் குறி மாறும். க∧ச = −ச∧க. அதிலிருந்தே க∧க = 0 வந்துவிடும், ஒரே கோட்டில் கிடக்கும் இரண்டு வெக்டர்களுக்கு நடுவில் பரப்பளவு ஏது? மூன்று வெக்டர்களைப் பெருக்கினால் கன அளவு. பிளஸ் டூவில் அணிக்கோவை என்று மனப்பாடம் செய்யும் அந்தக் கூட்டல் கழித்தல் பட்டியல் எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து தானாக வந்து விழுகிறது.

தக்காளிக்கு வருவோம். ஒரு பக்கம் (40, 0), இன்னொரு பக்கம் (0, −40). முதலாவதன் அளவை இரண்டாவதன் விலையால் பெருக்கி, முதலாவதன் விலை × இரண்டாவதன் அளவைக் கழித்தால் −1600. அதில் பாதி −800. மைனஸ் எங்கிருந்து வந்தது என்றால், முக்கோணத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுகிறோம் என்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான். டெபிட், கிரெடிட் தெரிந்தவர்களுக்கு இந்த மைனஸைப் பார்த்து பயம் வரக்கூடாது. இயற்பியலில் இதே மைனஸ் உயிர்நாடி. அழுத்தம் - கன அளவு படத்தில் ஒரு சுற்றைக் கடிகார முள் போகிற பக்கமாகப் போனால் அது இயந்திரம், வேலை செய்து கொடுக்கும். எதிர்ப்பக்கம் போனால் அது ஃப்ரிட்ஜ், வேலையை வாங்கிக்கொள்ளும். அந்தத் தாளிலும் பரப்பளவு உண்டு (ஜூல் கணக்கில்), நீளம் கிடையாது.

இதில் எங்கேயாவது ஸ்கேல் தேவைப்பட்டதா? கோணமானி? இல்லை. கிலோவை கிராமாக மாற்றினாலும் பதில் மாறவில்லை. கிராஸ்மனின் பெருக்கல் அளவுகோலைத் தொடாமலே வேலை செய்கிறது. எக்ஸ்டீரியர் அல்ஜீப்ரா என்பதன் அடிப்படைக் குணமே இதுதான், மற்றதெல்லாம் விவரம்.

இங்கிலாந்தில் வில்லியம் கிளிஃபோர்ட் என்று ஒருவர். கிராஸ்மனைப் படித்த மிகச் சிலரில் ஒருவர். 1878ல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ் முதல் தொகுதியில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பே கிராஸ்மனின் விரிவு இயற்கணிதத்தைப் பயன்படுத்துவது பற்றியது என்று சொல்கிறது. இன்றைக்கு உறவு என்ன என்று சண்டை போடுகிறவர்கள் அந்தத் தலைப்பை ஒரு தடவை பார்த்தாலே பாதிச் சண்டை அடங்கும். கிளிஃபோர்ட் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. கிராஸ்மன் விதியில் க × க பூஜ்யம். கிளிஃபோர்ட் அந்த இடத்தில் நீளத்தின் வர்க்கத்தை வைத்தார். அவ்வளவுதான்! அந்த ஒரு மாற்றத்தால் பெருக்கல் இப்படி ஆகிறது:

கச = க·ச + க∧ச

முதல் பகுதி டாட் ப்ராடக்ட், வெறும் எண். இரண்டாவது பகுதி கிராஸ்மனின் இணைகரம். எண்ணையும் இணைகரத்தையும் எப்படி ஐயா கூட்டுவது, காசையும் கத்தரிக்காயையும் கூட்டுவது மாதிரி இருக்கிறதே என்று முதலில் எல்லோருக்கும் தோன்றும். 3 + 4i என்று எழுதும்போது யாரும் கேட்பதில்லை. இரண்டையும் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் இந்தக் கூட்டல், பேலன்ஸ் ஷீட்டில் கடனும் சரக்கிருப்பும் தனித்தனி வரியில் நிற்பது மாதிரி.

சின்ன மாற்றம்தான், ஆனால் கிடைக்கும் லாபம் பெரிது. க, ச ஒன்றுக்கொன்று செங்குத்தான, நீளம் 1 உள்ள வெக்டர்கள் என்றால் கச என்பதன் வர்க்கம் என்ன? கசகச. நடுவில் சக என்பதை −கச ஆக மாற்றினால் −ககசச, அதாவது −1. கற்பனை எண் என்று பேர் வைத்துப் பயமுறுத்தியது, கடைசியில் தாளின் மேல் கிடக்கும் ஒரு சதுரம். அதே சதுரத்தின் வர்க்கம் கிராஸ்மன் கணக்கில் வெறும் பூஜ்யம்தான். அடுத்து, வெக்டரால் வகுக்கலாம். கக ஒரு எண் என்பதால், க-வை அந்த எண்ணால் வகுத்தால் க-வின் தலைகீழ் கிடைத்துவிடும். கிராஸ்மன் பெருக்கலில் வெக்டருக்குத் தலைகீழே கிடையாது. வகுக்க முடிந்தால் கண்ணாடிப் பிரதிபலிப்பை எழுதலாம். இரண்டு கண்ணாடி சேர்ந்தால் ஒரு சுழற்சி. ஹாமில்டன் 1843ல் டப்ளினில் பாலத்தில் நடக்கும்போது கண்டுபிடித்த குவாட்டர்னியன் (இன்று வீடியோ கேமில் உருவங்களைத் திருப்புவது அதுதான்) முப்பரிமாண கிளிஃபோர்ட் இயற்கணிதத்தின் ஒரு பாதி. எலக்ட்ரானுக்காக 1928ல் டிராக் எழுதிய அணிகளும் இதே குடும்பம். அந்தச் சமன்பாட்டை வெட்ஜை மட்டும் வைத்து எழுத முடியாது. ஆகவே புது லேபிள் என்று சொல்லும் கட்சிக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

அப்படியானால் முதல் கட்சி சொல்வது சரியா? ஜியோமெட்ரிக் அல்ஜீப்ரா எல்லாவற்றையும் விழுங்கிவிட்டதா? இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

முப்பரிமாணத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எண் 1, வெக்டர் 3, பரப்பு 3, கன அளவு 1, மொத்தம் 8. இரண்டிலும் அதே 8. குடியிருக்கும் ஆட்கள் ஒன்றுதான், பெருக்கும் விதிதான் வேறு. அளவுகோல் ஒன்று கையில் இருந்தால் எதிலிருந்து எதற்கு வேண்டுமானாலும் போகலாம். கிளிஃபோர்ட் பெருக்கலில் (கச − சக) / 2 எடுத்தால் வெட்ஜ். வெட்ஜோடு அளவுகோலைச் சேர்த்தால் கிளிஃபோர்ட் பெருக்கல். கைக்கும் கைக்கும் மாற்றிக்கொள்ளும் சில்லறை மாதிரி. இந்த வரைக்கும் யாரும் யாரையும் விழுங்கவில்லை.

அளவுகோலை மாற்றினால்தான் வித்தியாசம் தெரியும். ச-வின் வர்க்கம் 1 என்பதற்குப் பதில் −1 என்று வைத்தால் (சார்பியலில் காலத்துக்கும் இடத்துக்கும் எதிரெதிர்க் குறி வைப்பார்களே, அது மாதிரி) கச-வின் வர்க்கம் −1லிருந்து +1 ஆகிவிடுகிறது. சுழற்சியாக இருந்தது வேக மாற்றமாக ஆகிறது. கிளிஃபோர்ட் கணக்கில் வீடே மாறிப்போகிறது. வெட்ஜ்? அசையவே இல்லை. முன்னே இருந்தது எதுவோ அதுவே.

அளவுகோல் இல்லாத இடத்தில் என்ன செய்வது? விலை-அளவு தாளில் க × க என்ன என்று கிளிஃபோர்ட் கேட்பார். கிலோ வர்க்கம் கூட்டல் ரூபாய் வர்க்கம் என்று பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாது. கேள்விக்கே வழி இல்லாத இடத்தில் கிராஸ்மன் பாட்டுக்கு 800 ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

இதற்கு முதல் கட்சியிடம் இரண்டு மூன்று பதில்கள் உண்டு. ஒன்று: எல்லா வெக்டரின் நீளமும் பூஜ்யம் என்று ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டால் கிளிஃபோர்ட் இயற்கணிதமே எக்ஸ்டீரியர் அல்ஜீப்ரா ஆகிவிடுகிறதே, அப்போது அது இதன் ஒரு தனி வகைதானே? வரையறைப்படி முழுக்கச் சரி. ஆனால் எல்லாக் கடையிலும் 0 சதவீதத் தள்ளுபடி இருக்கிறது என்று சொல்வது மாதிரியான சரி.

இரண்டாவது பதில் கொஞ்சம் கனமானது. ஏதோ ஒரு அளவுகோலைத் தற்காலிகமாக வைத்துக்கொள், கணக்கை முடி, பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிடு, விடை மாறாது என்பார்கள். நடைமுறையில் இது ஓடும். ஆனால் விடை அந்தத் தற்காலிக அளவுகோலை நம்பி நிற்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் காட்ட வேண்டும். கிடங்கில் இருக்கும் அரிசியையும் எண்ணெயையும் ஏதோ ஒரு நாள் விலையில் ரூபாயாக்கிக் கூட்டிவிட்டு, அந்த மொத்தத்தை வைத்து ஒரு முடிவெடுப்பது மாதிரி. விலை மாறினால் முடிவும் மாறுமா என்று ஆடிட்டர் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். முதலிலேயே விலை போடாமல் செய்ய முடிந்த வேலையை எதற்கு விலை போட்டுச் செய்வது?

மூன்றாவது பதில்தான் நிஜமாகவே யோசிக்க வைப்பது. பொருள்களின் அளவுகள் ஒரு பக்கம், அவற்றின் விலைகள் இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்து ஒரே பெரிய வெளியாக எடுத்தால், அளவு × விலை = ரூபாய் என்ற இயல்பான பெருக்கல் அங்கே ஏற்கனவே இருக்கிறது. யாரும் செயற்கையாக அளவுகோல் கொண்டுவர வேண்டாம், அந்தப் பெருக்கலையே அளவுகோலாக வைத்து ஒரு கிளிஃபோர்ட் இயற்கணிதம் கட்டலாம். அப்படிக் கட்டினால், அது செயல்படும் களம் எது தெரியுமா? பழைய எக்ஸ்டீரியர் அல்ஜீப்ராதான். இயற்பியலில் எலக்ட்ரானைப் படைப்பது, அழிப்பது என்று எழுதும் கணக்கெல்லாம் இந்த அமைப்புதான். அழகான விஷயம். கிளிஃபோர்ட் இல்லாமலே காலம் தள்ளலாம் என்கிறவர்கள் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆனால் இதிலும் பாருங்கள், கட்டடம் கிளிஃபோர்டுடையது, நிற்கும் மனை கிராஸ்மனுடையது!

மேக்ஸ்வெல் சமன்பாடுகளில் இந்தச் சண்டை இன்னும் தெளிவாகத் தெரியும். எலி கார்ட்டான் 1899ல் தொடங்கி வைத்த வழியில் வெட்ஜ் மொழியில் எழுதினால் நான்கு சமன்பாடுகள் இரண்டாகும். ஒன்றில் காந்த ஒற்றைத் துருவம் கிடையாது என்பதும் ஃபாரடே விதியும் அடக்கம், அதற்கு அளவுகோலே வேண்டாம். மின்னூட்டமும் மின்னோட்டமும் வரும் இன்னொன்றுக்கு அளவுகோல் கட்டாயம். டேவிட் ஹெஸ்டெனிஸ் 1966ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதி கிளிஃபோர்டுக்கு மறுவாழ்வு கொடுத்தார். அவர் வழியில் போனால் நான்கும் சேர்ந்து ஒரே சமன்பாடு. ரசிகர்கள் முதலில் காட்டுவது இதைத்தான், பார்த்தால் மயக்கம் வருவது நிஜம்தான். ஆனால் நான்கை ஒன்றாக்கும்போது, எந்தப் பாதி அளவுகோலை நம்பி நிற்கிறது, எந்தப் பாதி நிற்கவில்லை என்ற செய்தி கண்ணிலிருந்து மறைகிறது. ஈர்ப்பு விசையால் வெளி வளையும்போது மாறுவது அளவுகோல்தானே? ஒரு பாதி அப்படியே நிற்கும், மறு பாதி மாறும். அதை முன்கூட்டியே சொல்லும் எழுத்து முறை இரண்டு வரி எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டுமே. கணக்குப் புத்தகத்தில் வரவையும் செலவையும் கழித்து ஒரே எண்ணாக எழுதினால் பக்கம் மிச்சம்தான், வருமான வரிக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார் :-)

இந்தச் சண்டையில் நஷ்டப்படுகிறவர்கள் படிக்கிற பிள்ளைகள். பிளஸ் டூவில் அவர்களுக்குக் கிடைப்பது கிராஸ்மனும் இல்லை, கிளிஃபோர்டும் இல்லை. 1880களில் கிப்ஸும் ஹெவிசைடும் இந்தச் சரக்கிலிருந்து எஞ்சினியர்களுக்காகப் பிரித்துக் கொடுத்த கிராஸ் ப்ராடக்ட். இணைகரத்தை எடுத்துவிட்டு அதற்குச் செங்குத்தாக ஒரு அம்பை நட்டுவைப்பது. வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பரீட்சை எழுதும் அந்த அம்பு. செங்குத்து என்று சொன்னாலே கோணம் வந்துவிட்டது, அளவுகோல் வந்துவிட்டது. நான்கு பரிமாணத்தில் ஒரு பரப்புக்குச் செங்குத்தாக ஒற்றைத் திசை கிடையாது, ஆகவே அங்கே இந்த வேலை நடக்காது. விலை-அளவு தாளில் மூன்றாவது அச்சே இல்லை, அம்பை எங்கே நடுவது? வெட்ஜுக்கு இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை. எத்தனை பரிமாணமானாலும் அதே ஒரு விதி.

இதைப் பார்த்து ஏமாந்த மாணவன் பிறகு ஜியோமெட்ரிக் அல்ஜீப்ராவைக் கண்டுபிடிக்கிறான், இதைத்தானே முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று பரவசப்படுகிறான். அவனுடைய கோபம் நியாயம்தான். ஆனால் அவனைக் கவர்ந்ததில் பாதி கிராஸ்மனுடையது, அளவுகோல் இல்லாமலே அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டியது. அதனால் வரிசை முக்கியம். முதலில் வெட்ஜ். அதுவும் காமர்ஸ் வகுப்பில்கூட நடத்தலாம், ஒரு தேவைக் கோடும் ஒரு முக்கோணமும் போதும். பிறகு, இந்தத் தாளில் நீளம் என்று ஒன்று உண்டா என்ற கேள்வி. உண்டு என்கிற இடங்களில் (நாம் நடமாடும் வெளி, பாலம் கட்டும் வெளி, கேமில் கார் திரும்பும் வெளி) கிளிஃபோர்டைக் கூப்பிடலாம், அவரை விட நல்ல ஆள் கிடையாது.

நுகர்வோர் உபரியின் கருத்தை பிரெஞ்சு எஞ்சினியர் ஜூல் டுப்வி முதலில் எழுதியதும் 1844லேயே, கிராஸ்மனின் புத்தகம் வந்த அதே வருடம். இருவருக்கும் சம்பந்தமில்லை. சும்மா ஒரு தற்செயல்.

கடைசிக் காலத்தில் கிராஸ்மன் மறுபடி கணிதத்துக்குத் திரும்பினார். 1877ல் ஒரு கட்டுரையில், தன் புத்தகத்தில் தனித்தனியாக இருந்த உள் பெருக்கலையும் வெளிப் பெருக்கலையும் ஒன்றாகக் கூட்டி, ஹாமில்டனின் குவாட்டர்னியன் தன் அமைப்புக்குள் எங்கே உட்காருகிறது என்று காட்டினார். கிளிஃபோர்ட் மறு வருடம் எழுதப்போவதும் கிட்டத்தட்ட அதேதான். அந்த செப்டம்பரிலேயே கிராஸ்மன் இறந்துவிட்டார், கிளிஃபோர்டின் கட்டுரை அச்சில் வந்ததைப் பார்க்கவில்லை. கிளிஃபோர்ட் 1879 மார்ச்சில் மடெய்ரா தீவில் காசநோயில் போய்விட்டார், 33 வயது.